மடிப்புக் கலையாத பொறாமை

கேள்வி இதுதான்: “கிளேர் டெனி இயக்கிய ‘போ த்ரவாய்’ (1999) பார்த்தேன். வீரர்கள் வெயிலில் உடற்பயிற்சி செய்கிறார்கள், துணி காயப்போடுகிறார்கள், சட்டைக்கு இஸ்திரி போடுகிறார்கள். ஒன்றும் நடக்கவில்லை, சலிப்பாக இருந்தது. கலூப் என்ற ஆள், புதிதாக வந்த ஒரு பையன்மேல் காரணமே இல்லாமல் கறுவிக்கொண்டு, அவனைப் பாலைவனத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறான். கடைசியில் தனியாக டிஸ்கோவில் ஆடுகிறான். அவனுக்கு என்னதான் பிரச்சினை? இது மறைமுகமான ஓரினக் காதல் படமா? இதை ஏன் எல்லாரும் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள்?”

கடைசிக் கேள்விதான் சுலபம் என்பதால் அதை முதலில் முடித்துவிடுகிறேன். பிரிட்டனின் ‘சைட் அண்ட் சவுண்ட்’ சினிமா இதழ் பத்து வருஷத்துக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் எடுக்கும் வாக்கெடுப்பில் இந்தப் படம் 2012-இல் 78-ஆவது இடத்தில் இருந்தது. 2022-இல் 7-ஆவது இடத்துக்கு வந்துவிட்டது. அந்த மாதிரிப் பட்டியல்களை நம்பிப் படம் பார்க்கப் போனால் பாதி நேரம் ஏமாற்றம்தான் மிஞ்சும். உங்களுக்கு அதுதான் நடந்திருக்கிறது என்று நினைக்கிறேன். பட்டியலை மறந்துவிட்டு கலூப்பைப் பார்ப்போம். காரணமே இல்லாமல் கறுவுகிறான் என்கிறீர்கள். காரணம் இருக்கிறது, ஒன்றுக்கு மேலேயே இருக்கிறது. எல்லாம் அவன் வேலை பார்க்கும் இடத்திலிருந்து வருகின்றன.

படம் நடப்பது ஜிபூட்டியில். செங்கடலின் தென்முனையில் இருக்கும் குட்டி நாடு, 1977 வரை பிரான்சின் காலனி. சுதந்திரம் கிடைத்த பிறகும் பிரெஞ்சு ராணுவம் அங்கிருந்து கிளம்பவில்லை. அந்த ராணுவத்தின் ஒரு பகுதிதான் ஃபாரின் லீஜியன் எனப்படும் அந்நியர் படை. 1831-இல் லூயி ஃபிலிப் மன்னர் காலத்தில் தொடங்கியது. எந்த நாட்டுக்காரனும் சேரலாம். வேறொரு பெயரில் பதிவு செய்துகொண்டு பழைய வாழ்க்கையைத் துடைத்துப்போட்டுவிடலாம் என்பதுதான் அதன் நூற்றாண்டுக் கவர்ச்சி. படையே தாய்நாடு என்பது அவர்களுடைய முழக்கம். கேட்க வீரமாக இருக்கும். ஆனால் அதன் மறுபக்கத்தை யோசியுங்கள். ஊர், குடும்பம், சாதனை, சொத்து என்று ஒரு மனிதன் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள வைத்திருப்பதெல்லாம் வாசலிலேயே கழற்றப்படுகிறது. உள்ளே வந்தபின் அவனுக்கு மிச்சமிருப்பது ஒன்றே ஒன்றுதான்: மேலதிகாரி அவனை எப்படிப் பார்க்கிறார் என்பது.

கலூப்புக்கு அந்த மேலதிகாரி கமாண்டர் ஃபொரெஸ்தியே. காத் என்ற போதை இலையை மென்றுகொண்டு எதிலும் பட்டும் படாமலும் திரிகிற மனிதர். பெரிதாகத் திட்டுவதும் இல்லை, பாராட்டுவதும் இல்லை. கலூப் அவரை வழிபடுகிறான். தான் குறையில்லாத லீஜியன் வீரன், ஆனால் அவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை என்று அவனே கதைசொல்லும் குரலில் சொல்கிறான். படத்தின் திறவுகோல் அந்த வரிதான் என்பது என் எண்ணம். விதிப்படி எல்லாம் செய்தவனுக்கு விதியில் இல்லாத ஒன்று வேண்டியிருக்கிறது.

அப்புறம் சாந்தேன் வருகிறான். ஒல்லியான, அதிகம் பேசாத பையன். அவன் எதையும் பிடுங்கிக்கொள்ள வரவில்லை. கடலில் ஹெலிகாப்டர் விழுகிறது, அவன் ஒருவனைக் காப்பாற்றுகிறான், கமாண்டர் அவனைக் கவனிக்கிறார். உன் பெற்றோர் யார் என்று கேட்கிறார். பிறந்தவுடன் ஒரு மாடிப்படியில் போடப்பட்டுக் கண்டெடுக்கப்பட்டவன் தான் என்கிறான் பையன். நல்ல கண்டெடுப்புதான் என்கிற மாதிரி கமாண்டர் ஒரு வார்த்தை சொல்கிறார். அவ்வளவுதான் நடந்தது. பதக்கம், பதவி உயர்வு எதுவும் இல்லை. ஆனால் கலூப் வருஷக்கணக்கில் வேர்வை சிந்தியும் வாங்க முடியாத அந்த ஒரு பார்வையை, கேட்காமலேயே ஒருவன் வாங்கிவிட்டான்.

அலுவலகத்தில் இருபது வருஷம் ஒரு நாள்கூட லேட்டாக வராத ஆள், நேற்று சேர்ந்த பையனை முதலாளி பெயர் சொல்லிக் கூப்பிடுவதைப் பார்த்து வயிறெரிவதைப் போன்றதுதான் இது. வித்தியாசம் என்னவென்றால், அலுவலக ஆள் மாலையில் வீட்டுக்குப் போய்விடலாம்.

கலூப் நிற்கும் படியையும் கவனிக்க வேண்டும். அவன் அட்ஜுதான்-ஷெஃப். நம் ராணுவக் கணக்கில் சுபேதார் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். அதிகாரி இல்லை, சிப்பாயும் இல்லை. லீஜியனில் அதிகாரிகள் பெரும்பாலும் பிரெஞ்சு ராணுவத்திலிருந்து நேராக வருகிறவர்கள். கீழே இருந்து ஏறி வந்தவன் ஓரளவுக்கு மேல் ஏறுவது அபூர்வம். சிப்பாய்களின் சிரிப்பிலும் அவனுக்கு இடமில்லை, கமாண்டரின் தனிமையிலும் இடமில்லை. தினசரி ஒழுங்கு மட்டும் முழுக்க அவன் கையில் இருக்கிறது. யார் எப்போது எழ வேண்டும், யார் தோண்ட வேண்டும், யார் எங்கே நடக்க வேண்டும் என்பதை அவன் தீர்மானிக்கிறான்.

இந்த இடைப்படி ஆள் டெனி கண்டுபிடித்தவர் அல்ல. படத்தின் வேர் ஹெர்மன் மெல்வில் எழுதிய ‘பில்லி பட்’ என்ற குறுநாவல். மெல்வில் 1891-இல் இறந்தபோது முடிக்கப்படாத கையெழுத்துப் பிரதியாகக் கிடந்து, 1924-இல்தான் அச்சேறியது. 1797-இல் ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பலில் நடக்கிறது. அழகான, வெள்ளந்தியான மாலுமி பில்லி. கப்பலில் ஒழுங்கைக் காக்கும் பொறுப்பில் இருக்கிற கிளாகர்ட் அவனை வெறுக்கிறான், கலகம் செய்யப்பார்க்கிறான் என்று பொய்க் குற்றம் சாட்டுகிறான். திக்குவாய்க்காரனான பில்லி பதில் பேச முடியாமல் ஒரு அடி அடிக்கிறான், கிளாகர்ட் செத்துப்போகிறான். பில்லி நல்லவன் என்று தெரிந்தும் கேப்டன் வீர் அவனைத் தூக்கிலிட ஏற்பாடு செய்கிறார். அதே வருஷம் பிரிட்டிஷ் கடற்படையில் நிஜமாகவே ஸ்பிட்ஹெட், நோர் என்ற இரண்டு இடங்களில் கலகங்கள் நடந்திருந்தன. அந்தப் பயம் கதை முழுக்க இருக்கிறது.

டெனி இதில் செய்த மாற்றம் ஒன்றுதான், ஆனால் அது எல்லாவற்றையும் புரட்டிவிடுகிறது. மெல்வில் கதையில் கிளாகர்ட் உள்ளே என்ன நினைக்கிறான் என்பது இருட்டு. கதைசொல்லி சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, அது பிறவிக்கோணல் என்கிற மாதிரிக் கைவிரித்துவிடுகிறார். டெனி அந்தப் பொறாமைக்காரனையே கதைசொல்லி ஆக்கிவிட்டார். எல்லாம் முடிந்தபின் மார்செய் நகரத்தில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து கலூப் நோட்டுப் புத்தகத்தில் எழுதுவதுதான் படம். பொறாமைப்பட்டவன் சாகவில்லை, நல்லவன் தூக்கில் தொங்கவில்லை. பொறாமைப்பட்டவன் உயிரோடு, வேலை இல்லாமல், கையில் ஏராளமான நேரத்தோடு உட்கார்ந்திருக்கிறான். நீங்கள் “ஒன்றும் நடக்கவில்லை” என்று உணர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். நாம் பார்ப்பது சம்பவங்களை அல்ல, ஒருவன் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறதை. அதனால் அவனுக்கு எது முக்கியமோ அதுவே திரையில் நீள்கிறது. உடம்புகள், வெயில், சட்டை மடிப்பு.

சட்டை மடிப்பு என்றதும் இஸ்திரிக்கு வருகிறேன். அது சலிப்பூட்டியது என்கிறீர்கள். எனக்கு அதுதான் படத்திலேயே பிடித்த பகுதி. லீஜியனில் சட்டை மடிப்பு விளையாட்டு இல்லை. எங்கெங்கே கோடு விழ வேண்டும் என்று அவர்களுக்குக் கணக்கு உண்டு, நிஜத்திலும் இதற்குப் பேர்போனவர்கள். படத்தில் உடம்பில் தசை ஏறிய ஆண்கள் குனிந்து நின்று அவ்வளவு சிரத்தையாகத் துணி தேய்க்கிறார்கள், கொடியில் துணியைச் சீராகத் தொங்கவிடுகிறார்கள், படுக்கையைச் சுருக்கமில்லாமல் விரிக்கிறார்கள். வேறு எந்த வீட்டிலாவது இதைப் ‘பெண்கள் வேலை’ என்று தள்ளிவிட்டிருப்பார்கள். இங்கே இதுதான் ஆண்மைக்கான தேர்வு. ஆண்மை பிறவியிலேயே உடம்பில் ஓடுகிற சமாச்சாரம் என்று ராணுவப் படங்கள் நம்மைப் பழக்கி வைத்திருக்கின்றன. டெனி அதை தினமும் காலையில் தேய்த்துப் போட்டுக்கொள்ள வேண்டிய ஒன்றாகக் காட்டுகிறார். ஒரு நாள் விட்டால் கசங்கிவிடும். (அதே 2022 பட்டியலில் முதலிடம் பிடித்தது ஒரு பெண்ணின் மூன்று நாள் வீட்டு வேலையைக் காட்டும் ஷாந்தால் ஆக்கர்மானின் படம். வீட்டு வேலை எப்படி ஒரு ஆளை உள்ளிருந்து இறுக்குகிறது என்று பார்ப்பதில் இரண்டும் உறவுக்காரப் படங்கள்.)

ஒழுங்கு இருந்தால் பொறாமை மாதிரியான கீழ்த்தரமான உணர்ச்சிகள் அடங்கி இருக்கும் என்பது பொதுவான நம்பிக்கை. இந்தப் படத்தில் பொறாமை முழு யூனிஃபார்மில், மடிப்புக் கலையாமல் நடமாடுகிறது. கலூப் சாந்தேனை ஒருமுறைகூடச் சட்டத்துக்கு வெளியே நின்று திட்டுவதில்லை. அவன் செய்வதெல்லாம் அவனுடைய அதிகாரத்துக்குள் வருகிறவை. ஒரு குழுவைத் தனியாக ஒதுக்குப்புறத்துக்குக் கூட்டிப்போய் சாலை போட வைக்கிறான். காவல் இடத்தை விட்டு விலகிப்போன ஒரு கறுப்பின வீரனை, கொளுத்துகிற வெயிலில் குழி தோண்ட வைக்கிறான். அது ‘தண்டனை’, புத்தகத்தில் இருக்கிறது. பையன் இளகிய மனசுக்காரன் என்பது கலூப்புக்குத் தெரியும். அவன் எதிர்பார்த்த மாதிரியே சாந்தேன் அந்த வீரனுக்குத் தண்ணீர் கொடுக்கப் போகிறான். கலூப் தண்ணீரைத் தட்டிவிடுகிறான். சாந்தேன் கை ஓங்கி அடித்துவிடுகிறான். மேலதிகாரியை அடித்தாயிற்று. இனி என்ன செய்தாலும் அதற்கு ஒழுங்கு நடவடிக்கை என்று பெயர் வைத்துவிடலாம். பையனை உப்புப் பாலையில் இறக்கிவிட்டு, நடந்தே முகாமுக்கு வரச் சொல்கிறான். கையில் கொடுத்த திசைகாட்டி வேலை செய்யாது.

இந்தத் திசைகாட்டிதான் கலூப் செய்த ஒரே ‘விதிமீறல்’. அதனால்தான் மாட்டுகிறான். பிற்பாடு அந்தத் திசைகாட்டி உள்ளூர்க்காரர்கள் கையில் கிடைத்து வெளியே வந்ததும், ஃபொரெஸ்தியே அவனைக் கோர்ட் மார்ஷல் என்ற ராணுவ விசாரணைக்காக பிரான்சுக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறார். திசைகாட்டி மட்டும் நல்லதாக இருந்து பையன் வெயிலில் விழுந்து செத்திருந்தால்? பயிற்சியில் விபத்து என்று ஒரு பக்க அறிக்கையோடு போயிருக்கும். படம் இதை வாயால் சொல்வதில்லை. ஆனால் தண்டனைக்கும் கொலைக்கும் நடுவே இருந்தது ஒரு சின்னக் கருவியின் பழுது மட்டுமே என்பதை யோசித்தால், ஒழுங்கு என்ற ஏற்பாட்டைப் பற்றி டெனி என்ன நினைக்கிறார் என்று தெரிந்துவிடும்.

சாந்தேன் பிழைத்தானா? உப்பு வெட்டிக் கொண்டுபோகும் ஜனங்கள் அவனைக் கண்டெடுக்கிறார்கள். ஒரு பேருந்தில் கிடக்கிறான், கண் திறக்கிறான். அதற்குமேல் படம் நம்மை அழைத்துப் போவதில்லை.

சரி, ஓரினக் காதல் விஷயம். ஆசை படத்தில் இல்லை என்று யாராவது சொன்னால் அவர் படத்தைப் பார்க்கவில்லை. இயக்குநர், ஒளிப்பதிவாளர் ஆன்யெஸ் கோதார் (ழான்-லுக் கோதார் என்ற பிரபல இயக்குநருக்கு உறவில்லை, இந்தப் படத்துக்காக பிரான்சின் செசார் திரைப்பட விருது வாங்கியவர்), படத்தொகுப்பாளர் நெல்லி கெத்தியே மூவரும் பெண்கள். சினிமா எத்தனையோ வருஷமாகப் பெண் உடம்பின்மேல் வைத்திருந்த கேமராவை இவர்கள் ஆண் உடம்பின்மேல் திருப்பினார்கள். அதுவும் எந்தக் குறுகுறுப்பும் இல்லாமல், பொறுமையாக. பயிற்சிக் காட்சிகளை அமைத்தவர் பெர்னார்தோ மோன்தே என்ற நடன அமைப்பாளர். வெற்று மார்போடு இரண்டு வரிசை வீரர்கள் ஓடி வந்து ஒருவரையொருவர் மோதி அணைத்து, விலகி, மறுபடி மோதுவார்களே, அது சண்டையா தழுவலா என்று உங்களால் சொல்ல முடிந்ததா? முடியாதபடிதான் அமைத்திருக்கிறார்கள். பின்னணியில் ஒலிப்பது பெஞ்சமின் பிரிட்டன் 1951-இல் இதே பில்லி பட் கதைக்கு எழுதிய ஆப்பெரா, அதாவது இசை நாடகம். பெண் குரலே இல்லாத ஆப்பெரா அது. கலூப்பும் சாந்தேனும் கடலோரப் பாறை வெளியில் ஒருவரையொருவர் வட்டமிட்டபடி நெருங்கும் காட்சியையும் மறுபடி பாருங்கள். ஒரு வார்த்தை இல்லை.

ஆனால் “கலூப் ரகசியமாக சாந்தேனைக் காதலித்தான், ஒப்புக்கொள்ள முடியாததால் அழிக்கப் பார்த்தான்” என்ற விளக்கத்தோடு எனக்கு முழு உடன்பாடில்லை. விமர்சனங்களில் இது அடிக்கடி வருகிறது. படத்தை ஒரு விடுகதையாக்கி விடையையும் சொல்லிவிடுகிற விளக்கம். ஆசையின் கோடு ஒன்றாக இல்லை. கலூப்புக்கு கமாண்டர் வேண்டும். கமாண்டருக்குப் பையன்மேல் ஒரு தகப்பன் மாதிரியோ வேறு மாதிரியோ ஒரு பார்வை. பையனைப் பார்க்கும்போது கலூப்புக்குத் தான் ஒருநாளும் ஆக முடியாத ஆள் தெரிகிறான். பயிற்சியால் கிடைக்காத ஏதோ ஒன்று அவனிடம் சும்மாவே இருக்கிறது. அவனை அடைய வேண்டுமா, அவனாக ஆக வேண்டுமா, அவனை இல்லாமல் செய்ய வேண்டுமா என்பது கலூப்புக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. ஊரில் அவனுக்கு ராஹெல் என்ற காதலியும் இருக்கிறாள். அவளோடு இருக்கும்போது அவன் இளகுகிறான், அது நடிப்பு இல்லை.

கமாண்டரைப் பற்றி ஒரு உபரித் தகவல், சினிமா பைத்தியங்களுக்கு மட்டும். புரூனோ ஃபொரெஸ்தியே என்ற பெயர் ழான்-லுக் கோதார் 1960-இல் எடுத்த ‘குட்டிச் சிப்பாய்’ படத்தின் நாயகனுடையது. அல்ஜீரியப் போர் நேரத்தில் எடுத்து, பிரான்சில் 1963 வரை தடையில் இருந்த படம். அதில் அந்தப் பாத்திரத்தில் நடித்த அதே மிஷெல் சுபோர்தான் இதில் கமாண்டர். அங்கே அவன் பிரெஞ்சு ராணுவத்தை விட்டு ஓடிப்போனவன். ஓடிப்போனவன் பெயரைத் தாங்கியவர் இங்கே அதே ராணுவத்தின் படைப்பிரிவை நடத்துகிறார். அவருடைய அலட்சியத்துக்குப் பின்னால் ஒரு அசிங்கமான போர் இருக்கிறது என்பதை டெனி வசனமே இல்லாமல் வெறும் பெயராலும் முகத்தாலும் சொல்லிவிட்டார்.

போர் என்றதும் இன்னொன்று. இந்த வீரர்களுக்கு எதிரியே இல்லை, கவனித்தீர்களா? கட்டி முடிக்காத காலிக் கட்டடத்துக்குள் துப்பாக்கியோடு பதுங்கிப் பாய்கிறார்கள், உள்ளே யாரும் இல்லை. அவர்கள் போடும் சாலையால் யாருக்கு என்ன பயன் என்று தெரியவில்லை. உள்ளூர்க்காரர்கள் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். ஆளுகிற வேலை 1977-இலேயே முடிந்துவிட்டது, ஆனால் ஆளுகிற பயிற்சி மட்டும் தினமும் தொடர்கிறது. அடிக்க ஆளில்லாத படையில், பகை உள்ளேயே ஒரு ஆளைத் தேடிக்கொள்கிறது. டெனி சிறுமியாக வளர்ந்தது ஜிபூட்டி உட்படப் பல பிரெஞ்சு ஆப்பிரிக்கக் காலனிகளில். அப்பா காலனி நிர்வாக அதிகாரி. வேடிக்கை பார்க்கிறவர்கள் பக்கமும் கேமராவைக் கொண்டுபோக அவருக்குத் தோன்றியதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம்.

இங்கே எனக்கு ஒரு குறையும் உண்டு. வேடிக்கை பார்க்கிறவர்கள் வேடிக்கை பார்ப்பதோடு நின்றுவிடுகிறார்கள். ராஹெல் அழகாக ஆடுகிறாள், ஆனால் அவள் என்ன நினைக்கிறாள் என்று தெரிந்துகொள்ள வழியில்லை. வெள்ளைக்காரர் இருவரின் மனப்புழுக்கத்துக்காக வெயிலில் குழி தோண்டிய அந்தக் கறுப்பின வீரன் பிறகு என்ன ஆனான் என்பதும் அப்படித்தான். கலூப்பின் நினைவு என்பதால் அவன் கண்ணுக்குப் படாதவர்கள் திரையிலும் மங்கலாக இருக்கிறார்கள் என்று சமாதானம் சொல்லலாம். நானும் அப்படிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், முழுசாகத் திருப்தி இல்லை.

இனி அந்த நடனம். மார்செய் அறையில் கலூப் கட்டிலைச் சுருக்கமில்லாமல் விரிக்கிறான். ராணுவம் துரத்திவிட்ட பிறகும் கை அதே வேலையைச் செய்கிறது. படுத்துக்கொண்டு கைத்துப்பாக்கியை வயிற்றின்மேல் வைத்துக்கொள்கிறான். நல்ல காரியத்துக்கு உழைத்துச் செத்துப்போ என்ற பொருளில் மார்பில் பச்சை குத்தியிருக்கிறது. புஜத்தில் ஒரு நரம்பு துடிக்கிறது. சுடும் சத்தம் வரப்போகிறது என்று காத்திருக்கிறோம், வருவது 1993-இல் சக்கைப்போடு போட்ட ‘தி ரிதம் ஆஃப் தி நைட்’ பாட்டு. கண்ணாடிச் சுவர் டிஸ்கோ, கறுப்புச் சட்டை, கையில் சிகரெட். முதலில் சும்மா நடக்கிறான், ஒரு சுற்று சுற்றுகிறான், மறுபடி அடக்கிக்கொள்கிறான். பெயர்கள் ஓட ஆரம்பித்துப் படம் முடிந்தது என்று நினைக்கும்போது திரும்ப வந்து, தரையில் விழுந்து புரண்டு, உடம்பைக் கன்னாபின்னாவென்று வீசுகிறான்.

கலூப்பாக நடித்த டெனி லவான் (இயக்குநர் டெனி வேறு, இவர் வேறு) கழைக்கூத்தும் மைம் என்ற ஊமை நடிப்பும் பழகிய நடிகர். தொண்ணூறு நிமிஷம் அந்த உடம்பைக் கட்டிப்போட்டு வைத்திருக்கிறார்கள். நிமிர்ந்த முதுகு, இறுகிய தாடை, அளந்த நடை. மற்ற வீரர்கள் கூட்டாக அசைந்தபோதெல்லாம் அவன் ஓரமாக நின்று எண்ணிக்கொண்டிருந்தான். அந்த உடம்புக்குள் இத்தனை அசைவு இருந்திருக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது. இது சாவதற்கு முந்தைய கணமா, செத்தபின் வருவதா, பழைய ஞாபகமா என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, படத்தில் முதல்முறையாக அவன் யாருடைய பார்வைக்காகவும் எதையும் செய்யவில்லை என்பது. கமாண்டர் இல்லை, பையன் இல்லை, எதிரே அவனுடைய கண்ணாடி மட்டும்தான். இதை விடுதலை என்று கொண்டாடுகிறவர்கள் கொஞ்சம் அவசரப்படுகிறார்கள். அவன் ஒருவனைச் சாவுக்கு அனுப்பிவிட்டு வந்தவன். ஆட்டம் அதைக் கழுவிவிடவில்லை, கழுவ முயற்சிக்கவும் இல்லை.

இதே விஷயத்தை வேறு கோணத்தில் பார்க்க விரும்பினால், தற்செயலாக அதே 1999-இல் ஜப்பானில் நாகிசா ஓஷிமா எடுத்த ‘கோஹாத்தோ’வைத் தேடிப் பாருங்கள். 1865-இல் கியோட்டோவில் இருந்த ஷின்சென்குமி என்ற சாமுராய்ப் படைக்குள் கானோ என்ற அழகான இளைஞன் சேர்கிறான். ஆளாளுக்கு அவன்மேல் கண், ஆளாளுக்கு மற்றவன்மேல் சந்தேகம். விதியை மீறினால் மரணம் என்கிற அளவுக்கு இறுகிய படை அது. டெனி நம்மைப் பொறாமைக்காரன் ஒருவனின் தலைக்குள் உட்கார வைக்கிறார். ஓஷிமா அப்படி ஒரே பொறாமைக்காரனின் தலைக்குள் நம்மைப் பூட்டி வைப்பதில்லை. யார் யாரை விரும்புகிறார்கள் என்பது முகாம் முழுக்க வம்பாகச் சுற்றுகிறது, தளபதிகள் அதை நிர்வாகப் பிரச்சினை மாதிரி உட்கார்ந்து விவாதிக்கிறார்கள். சாந்தேன் கள்ளமில்லாதவன், கானோ அப்படி இல்லை. அந்தப் பையனுக்கு ரத்தம் பிடித்திருக்கிறது. உங்களுக்குக் கதை நகர வேண்டும், வாள்வீச்சு வேண்டும் என்றால் இது ஒத்துவரும். டெனியின் படத்தை இன்னொருமுறை பார்க்கத் தோன்றினால் இதற்குப் பிறகு பாருங்கள். கலூப் பேசுவதை விட்டுவிட்டு, ஃபொரெஸ்தியே வருகிற காட்சிகளில் கலூப்பின் கண் எங்கே போகிறது என்று மட்டும் கவனித்துக்கொண்டே வாருங்கள்.